மீசை முளைக்கும் ஊசி

புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. நகரவே நகராத வரிசையில் எனக்கு முன்னால் வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா வாக்கரைப் பிடித்தபடி கணவரிடம் கேட்டார்:

"எனக்கு மீசை முளைச்சா என்ன பண்ணுவீங்க?"

"நானே ஷேவ் பண்ணி விடுறேன். ஜிம் பசங்க போட்டுக்கற ஸ்டீராய்டு வேற, இது வேறன்னு டாக்டர்தான் சொன்னாரே. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கும்போது ஒரே ஒரு ஊசி. வலியும் வாந்தியும் குறையுமாம்."

"போன தடவை வலது இடுப்பு மூட்டு மாத்துனப்போ அது இல்லாமதானே சமாளிச்சேன்?"

"எங்க சமாளிச்ச? ஒரு வாய் கஞ்சி உள்ள தங்கலை."

"வாந்தி எடுத்தது நான். நீங்க ஏன் சாப்பிடலை?"

"நீ பட்டினி கிடக்கறப்போ எனக்கு எப்படி இறங்கும்?"

"சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு வராண்டாவுல மயங்கி விழுந்தீங்க. சத்தம் கேட்டும் என்னால எந்திரிச்சு வர முடியலை."

அவர் வாக்கரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவருகே நின்ற நர்ஸிடம் அந்தம்மா சொன்னார்:

"அந்த ஊசியைப் போட்டுக்கறேம்மா. ஆபரேஷன் முடிஞ்சதும் எனக்குப் பசிக்கணும். அப்பத்தான் இவரு சாப்பிடுவாரு."