மேற்கு மூலை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், மேடம். எனக்காக இல்லை, ஏட்டையா எழுதுகிற தாள் பறந்துகொண்டே இருக்கிறது. இந்த வயதில் அவரைக் குனிந்து குனிந்து பொறுக்க வைப்பது பாவம்.

என் பெயர் செல்வமணி. கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கம்பியும் கொக்கியும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். 'முல்லையாறு ரெஸ்லிங்' என்று ஒரு மல்யுத்தக் கம்பெனியும் நடத்துகிறேன். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், என் மனைவியும் அதைக் கேட்டால் சிரிப்பாள். இந்த ஸ்டேஷனுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. விஜய்ராஜ் விழுந்த கேஸில் உங்களுக்கு என்மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

டி.வி.யில் வருகிற மல்யுத்தம் பொய் என்பார்கள். பாதிதான் பொய். யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வோம், அடிக்கிற அடியில் பாதி வெறும் சத்தம். ஆனால் விழுவது நிஜம். பலகைக்குப் பொய்யாக விழத் தெரியாது. அதனால் எங்கள் தொழிலில் அடிக்கக் கற்பதற்கு முன்னால் விழக் கற்க வேண்டும்.

விஜய்ராஜ் தேவாரத்துப் பையன். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கடைக்குக் கம்பி வாங்க வந்தவன், இரண்டு பேர் தூக்குகிற சுருளைத் தோளில் துண்டு போடுவதுபோலப் போட்டுக்கொண்டு நின்றான். எனக்கு அந்த நிமிஷமே வாய் ஊறிவிட்டது.

"ஏலே, குஸ்திக்கு வாறியா?"

"அடி விழுமாண்ணே?"

"விழும்."

"சோறு போடுவீகளா?"

"போடுவோம்."

"அப்ப அடியைப் பத்தி எதுக்குண்ணே பேசிக்கிட்டு இருக்கோம்" என்றான். அவனைப் பிடிக்காமல் போக முடியுமா, சொல்லுங்கள்.

கடைக்குப் பின்னால் தேங்காய் நார்க்கழிவைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் அவனை விழ வைத்தேன். வேறொன்றும் சொல்லித் தரவில்லை, விழுவது மட்டும்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை விரித்து அறை, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படட்டும். எங்கள் பக்கத்து அருவியின் பெயரையே எடுத்து அவனுக்குச் சுருளி என்று வைத்தேன். மேல் கயிற்றில் ஏறிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, கீழே கிடப்பவன்மேல் அருவிபோல விழுவான். முதல் தடவை ஏறியபோது கீழேயே பார்த்துக்கொண்டு மூலைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "கீழ பாக்காதடா. மலையைப் பாரு, அது அங்கனதேன் நிக்கும், ஓடாது" என்றேன். அதிலிருந்து அவன் ஏறுவது மேற்கு மூலையில்தான். நம் பள்ளத்தாக்கில் எந்தத் திடலில் ரிங் போட்டாலும் மேற்கே ஒரு மலை நிற்கும். உத்தமபாளையம், போடி, கெங்குவார்பட்டி என்று எங்கே போனாலும், "சுருளி, சுருளி" என்று ஜனம் கத்தியது. பெண்கள்கூட இடுப்பில் குழந்தையோடு வந்து கத்தினார்கள்.

மும்பைக் கம்பெனிக்காரர்கள் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு அவனைக் கூட்டிப் போனார்கள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். தடுக்கவில்லை, மனதார வாழ்த்தினேன், அதையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் அவனுக்குப் புலித்தோல் போட்ட ஜட்டி மாட்டி 'மெட்ராஸ் டைகர்' என்று பெயர் வைத்தார்கள். மெட்ராஸைப் பார்த்தே இராத பிள்ளை அவன். இங்கிருந்து புலி கொண்டுபோக வேண்டுமென்றால் மேகமலை இருக்கிறது, அது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷத்தில் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டான். பேட்டியில் ஒரு பெண் கேட்டாள், உங்களை நட்சத்திரமாக்கியது யார் என்று. அவன் கண் இமைக்காமல் மும்பைக் கம்பெனி என்றான். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை மெதுவாகத்தான் கீழே வைத்தேன்.

அதன்பிறகு கம்பத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதே பட்டிமன்றம்தான். எங்கள் மேட்சுகளுக்கு மைக் பிடிக்கிற ரபீக், என் உயிர் நண்பன், அவனே என் முகத்துக்கு நேராகச் சொன்னான். "கோவிச்சுக்கிராதீகண்ணே. நம்மகிட்டயே இருந்திருந்தா இன்னைக்கும் கெங்குவார்பட்டியிலதேன் குதிச்சுக்கிட்டுக் கெடப்பான்." நியாயமான பேச்சுதான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, மேடம். கடை எனக்குப் பிறகு மைத்துனன் வீட்டுக்குப் போய்விடும். நான் உண்டாக்கியது என்று காட்ட அந்தப் பையன் ஒருவன்தான் எனக்கு இருந்தான். அவனையும் இன்னொருவன் பெயரில் பதிந்துவிட்டார்கள்.

போன வாரம் மும்பைக் கம்பெனி தேனியில் ஷோ போட்டது. சொந்த மண்ணில் மெட்ராஸ் டைகர் என்று ஊரெல்லாம் ஃபிளக்ஸ். காலையில் போய் அவனைப் பார்த்தேன். பார்த்ததும் காலைத் தொட்டான். அவன் ஆள் அப்படித்தான், குறை சொல்ல முடியாது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ரிங்கில் ஏறியதும் மைக்கில் ஒரு வரி சொல், என்னை உருவாக்கியது முல்லையாறு ரெஸ்லிங் என்று.

"அண்ணே, மேட்சுக்கு முந்தி அவுக எழுதிக் குடுத்ததைத்தேன் பேசணும். காண்ட்ராக்டு அப்படி. கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றான்.

பொறுத்தேன். மத்தியானம் வரை பொறுத்தேன்.

மத்தியானம் ரிங் மாட்டிய ஆட்களெல்லாம் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவர்களே ஒரு பாஸ் கொடுத்து, கழுத்தில் மாட்டியும் விட்டிருந்தார்கள். ரிங் கயிற்றை நான்கு மூலையிலும் இழுத்துப் பிடிப்பது ஒரு திருகு கொக்கி. பந்தல் கம்பியை முறுக்கவும் அதே சாமான்தான், என் கடையில் எடை போட்டு விற்கிறேன். திருகி முடுக்கினால் கயிறு விறைக்கும். மறுபக்கம் திருகினால் மரை கழன்று வரும். மேற்கு மூலையில் மேல் கயிற்றுக் கொக்கியை மட்டும், மரை நுனியில் பிடிக்கும் அளவுக்குத் திருகி வைத்தேன். முழுவதும் கழற்றினால் கயிறு தொய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கொக்கிக்கு உறையாக மாட்டியிருந்த மெத்தையை இழுத்து மூடிவிட்டு, நானும் பிரியாணி சாப்பிடப் போனேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவன் மேற்கு மூலையில்தான் ஏறினான். மும்பை போய்வந்தும் மலையைத் தேடியிருக்கிறான் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழும்பும்போது கொக்கி தெறித்தது. உருள வேண்டியவன் பாதியிலேயே தலைகீழாக வந்தான். தாடையை நெஞ்சோடு ஒட்ட நேரம் கிடைக்கவில்லை. ஜனம் இதுவும் ஆட்டம்தான் என்று கைதட்டியது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று நானும் தட்டினேன்.

கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். பேச்சு வருமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அவன் அம்மா பஞ்சம்மாள் வாசலிலேயே கிடக்கிறாள். தினமும் போகிறேன், ஆரஞ்சு வாங்கிப் போகிறேன். "மும்பைக்காரவுக ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க மட்டுந்தேன் வாறீக, சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மேடம். நிஜமாகவே வந்தது. பெற்ற பிள்ளைக்கு வருகிற மாதிரி.

ரபீக்கும் அந்த ஷோவுக்கு வந்திருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ஒன்று சொன்னான். மேட்சு முடிந்ததும் என்னை ரிங்குக்குள் கூப்பிடச் சொல்லி விஜய்ராஜ் அவனிடம் மைக்கைக் கொடுத்து வைத்திருந்தானாம். எனக்குப் போட மாலைகூடக் கட்டச் சொல்லியிருந்தானாம். இருக்கலாம். ரபீக் இளகிய மனசுக்காரன், ஆறுதலுக்கு எதையாவது சொல்வான். அப்படியே நிஜமென்றாலும், மேட்சு முடிந்து ஜனம் செருப்பைத் தேடுகிற நேரத்தில் சொன்னால் அதை யார் கேட்பார்கள்?

சும்மா இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நேற்றுப் பேப்பர் பார்த்தேன். 'மும்பைக் கம்பெனியின் அலட்சியம், மெட்ராஸ் டைகர் படுகாயம்.' ரிங் மாட்டிய இரண்டு பேரைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், பாவம், தப்பு செய்தவர்கள் மாதிரியே முழிக்கிறார்கள். அவன் எந்த மூலையில் ஏறுவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவனை ஏற்றிவிட்ட பெயரைத்தான் மும்பைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விழ வைத்த பெயரையும் அவர்களுக்கே எழுதிக் கொடுத்தால் எப்படி?

எழுதிவிட்டாரா ஏட்டையா? கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ஏதோ கேட்க வந்தீர்களே, மேடம்?

"அந்தப் பையன் பொழைச்சு வரணும்னு ஒரு தடவையாச்சும் நெனைச்சீகளா?"

நன்றாகக் கேட்டீர்கள். தினமும் சாமி கும்பிடுகிறேன், மேடம். அவனுக்குப் பேச்சு வந்தால்தானே, உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்பவர்களிடம் என் பெயரைச் சொல்வான்.