தொட்டியின் கீழ்ப்பாதி

வீட்டில் டீசல் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். குழாய்க்கான துளையை அடியில் போட்டுவிடுகிறார்கள். அடியில் தண்ணீரும் கசடும் தங்கும். அது குழாயில் இறங்கினால் அறையைச் சூடாக்கும் கணப்பு புகைந்து புகைந்து அணையும். நான்கு விரல் உயரம் விட்டுத் துளை போட வேண்டும். உங்கள் காவல் நிலையத்துக் கூரைத் தொட்டியை வரும்போதே பார்த்தேன், ஐயா. அடியில்தான் போட்டிருக்கிறார்கள்.

பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். நக்லே, ஐம்பத்தாறு. மற்றதைச் சொல்கிறேன்.

தொட்டி ஆயிரம் லிட்டர், இரும்புத் தகடு. குவைத்தில் இருக்கும் என் தம்பி தன்னூஸ் ஏற்பாடு செய்தது. பழையது துருவேறிப் போயிருந்தது. அக்டோபரில், ஆப்பிள் பறித்து முடித்த வாரம், கூரையில் கல் அடுக்கி மேடை கட்டினேன். காற்றுக்குழாய் வைத்தேன். இரண்டு துளை போட்டேன். மேல்மாடி என்னுடையது. கீழே தம்பி மனைவி வர்தேயும் மகள் தகலாவும். ஒரே தொட்டி, இரண்டு வீடு. இந்த மலையில் அண்ணன் தம்பி வீடுகள் அப்படித்தான்.

என் துளை நான்கு விரல் உயரத்தில். அவர்களுடையது தொட்டியின் நடுவில்.

கைதவறி நடந்ததல்ல. நாடா பிடித்து அளந்து குறித்தேன். அந்தக் குழாயை வடக்குச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காரணம் போன குளிர்காலம். அப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். பிப்ரவரியில் தொட்டி வற்றியபோது டீசல் எங்கும் கிடைக்கவில்லை. நான் இரண்டு கேன்களோடு ஊர் ஊராக வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா கோட்டு போட்டபடி நாற்காலியில் இருந்தார். தொட்டுப் பார்த்தேன், விறைத்துப்போயிருந்தார். கீழே இறங்கிப் போனேன். அங்கே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாயில் மிஞ்சியது கீழேதானே இறங்கும். வர்தே அதன்மேல் தகலாவின் காலுறைகளைக் காயப் போட்டிருந்தாள். மேலே அணைந்தது அவளுக்குத் தெரியாது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எண்பத்தொரு வயது அம்மாவுக்கு. யார் மேலும் வருத்தம் இல்லை.

ஆனால் அவர்கள் எரிப்பது அதிகம். உருளைக்கிழங்கு சுடுவது, துணி உலர்த்துவது, குளிக்க வெந்நீர் எல்லாம் கணப்பின் மேலேதான். ஆகவே நடுவில் துளை. அணையும் என்று தெரியும். எந்த வாரம் என்றுகூட ஏறக்குறைய தெரியும்.

ஜனவரியில் பனி விழுந்து பாதை அடைத்த மூன்றாம் நாள் அணைந்தது. வர்தே தன்னூஸின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கூரைக்கு ஏறி வந்தாள். பின்னாலேயே தகலாவும்.

"உங்க தொட்டிக்கு எங்க மேல மட்டும் என்ன கோவம் அத்தான்?" என்று வர்தே சிரித்தாள். பிறகு எல்லாரும் செய்வதுபோல விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக் கேட்டாள். எங்கள் ஆட்கள் அந்தச் சத்தத்தைத்தான் நம்புவார்கள். கீழே தட்டினாள். கனமான சத்தம் வந்தது. "டீசல் இருக்கே."

"இருக்கு. குளிர்ல உறைஞ்சு மெழுகாயிடுச்சு. வெயில் வந்தா தானா இறங்கும்."

"உங்களுக்கு மட்டும் எப்படி இறங்குது?"

"என் குழாய் குட்டை. உன்னோடது வெளிச்சுவர்ல ஒரு மாடி இறங்கணும்."

நம்பும்படியான பதில். எந்த மெக்கானிக்கும் அதையே சொல்வான். தகலா மட்டும் என் புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா வீட்ல ரெண்டு புகை வருது. நமக்கு ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

வர்தே அவள் தலையில் லேசாகத் தட்டினாள். "பெரியப்பா வீட்டுக் கணக்கு உனக்கெதுக்குடி?"

தன்னூஸ் குவைத்திலிருந்து போன் செய்தான். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலைண்ணே" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

வெயில் வரவில்லை. ஐந்தாம் நாள் பகலில் வர்தே கரி கேட்டாள். கோடையில் இறைச்சி சுட்டது போக அரைமூட்டை ஓக் மரக் கரி என்னிடம் இருந்தது. நானே சுமந்து இறக்கினேன். கரிச்சட்டியையும் கொடுத்தேன். தகலாவுக்கு இருமல். சன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றாள் வர்தே. பஞ்சு வைத்து எல்லா இடுக்கையும் அடைத்துக் கொடுத்தேன். நன்றாக அடைத்தேன். வேலை என்று வந்தால் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை.

கரி வைத்த அறையில் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் நச்சுக்காற்று தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்று இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். வர்தே கடற்கரை ஊர்ப் பெண். அங்கே பனி இல்லை. நீ சொன்னாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. பஞ்சை அழுத்தும்போது நினைவுக்கு வந்தது. மேலே வால்வைத் திருப்பி என் டீசலில் இரண்டு கேன் பிடித்து அவள் கணப்பில் ஊற்றியிருக்கலாம் என்பதும் வந்தது. பதினைந்து படிகள்தான். நான் பஞ்சை அழுத்தி முடித்தேன். "இனிமே காத்து வராது" என்றேன். "உங்க கைக்குப் புண்ணியம் அத்தான்" என்றாள்.

மறுநாள் காலை ரொட்டியோடு இறங்கினேன். கதவை உடைக்க வேண்டியிருந்தது. தாயும் மகளும் ஒரே கம்பளிக்குள் இருந்தார்கள். தகலா கையுறை போட்டிருந்தாள். கரி சாம்பலாகியிருந்தது. சன்னல் பஞ்சை முதலில் எடுத்தேன். அது எதற்கு என்று இன்னும் யோசிக்கிறேன்.

தன்னூஸ் அடக்கத்துக்கு வந்தான். அழவில்லை. கூரைக்குப் போய்த் தொட்டியை அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தான். நடுவுக்குக் கொஞ்சம் கீழே சத்தம் மாறியது. சுற்றிப் பின்பக்கம் போய்த் துளையைப் பார்த்தான். "இது எதுக்குண்ணே இவ்வளவு மேல?" என்று கேட்டான். பாதிப் பாதி என்று சொன்னேன். அவன்தான் உங்களைக் கூப்பிட்டான்.

தொட்டியின் மேல்பாதி டீசலையும் நீ எரித்தாய்தானே என்கிறீர்கள். ஆமாம். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கணப்பு என்கிறீர்கள். நான் ஒரு ஆள் என்று யார் சொன்னது?

நான் எதையும் மறுக்கவில்லை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் ஆட்கள் சோதனைக்கு மேலே போனால் ஒன்றுமட்டும் சொல்லி அனுப்புங்கள். அம்மாவின் அறைக் கதவைத் திறந்து போட வேண்டாம். கணப்பை அணைக்கவும் வேண்டாம். அவருக்குக் குளிர் ஆகாது.