கால்களைப் பாருங்கள், கழியை அல்ல

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நிறுவன இயக்குநர் முனைவர் வில்யாரூஸ் அவர்களே, மறைந்த ஃபெமி அக்காவின் தம்பி நெஸ்தோர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் தியோதுலோ பல்மாரெஸ். நுண்ணோக்கி அறையின் பொறுப்பாளன். நாம் ஃபெமி அக்கா என்று அழைத்த முனைவர் யூஃபெமியா சுமகய்சய் அவர்களோடு அந்த அறையில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். நம் இலோய்லோ ஊர்க்காரர்கள் திட்டினாலும் கொஞ்சுவது போலவே இருக்கும் என்று மணிலாவில் கேலி செய்வார்கள். இன்று எனக்குக் கொஞ்ச வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் கேளுங்கள்.

வாசலில் கொடுத்த அஞ்சலி அட்டையைப் படித்தீர்களா? "ஆய்வுகளுக்கு உதவிய அன்பு உள்ளம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். உதவியவரா? யாருக்கு உதவினார்? முழு வேலையையும் செய்தவரை உதவியவர் என்று எழுத எப்படி ஐயா மனம் வந்தது?

நெஸ்தோர் மீன் வியாபாரி. தம் அக்கா என்ன சாதித்தார் என்பதை இதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். நம் உயிரணுக்களுக்குள் மெல்லிய குழல்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் இரண்டு கால் கொண்ட புரதங்கள் சுமை தூக்கி நடக்கின்றன. எந்தத் திசையில் நடப்பது என்பதை எது முடிவு செய்கிறது? நெற்பயிரைக் கருக்கும் பூஞ்சையிலிருந்து அப்படி ஒரு புரதத்தை எடுத்தார் அக்கா. கால்களைத் தொடவே இல்லை. கழுத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார். முன்னே நடந்த புரதம் பின்னே நடந்தது. முப்பத்தெட்டு முறை செய்தார். முப்பத்தெட்டு முறையும் நான்தான் படமெடுத்தேன்.

படமெடுக்கும்போது புரதங்களைக் கண்ணாடியில், கால் மேலே இருக்கும்படி ஒட்டிவிடுவோம். கால்களின் மேல் குழல் நகரும். புரதம் கிழக்கே நடந்தால் குழல் மேற்கே போகும். இது இயக்குநர் அவர்களுக்குப் பிடிபடவில்லை. குழல் போகும் பக்கமே புரதமும் நடக்கிறது என்று நினைத்துவிட்டார். கருத்தரங்கில் நாற்பது பேர் முன்னால், புரதம் நடக்கும் திசைக்கு அக்கா போட்டிருந்த அம்புக்குறியைக் காட்டி, "அம்புக்குறிய மாத்திப் போட்டிருக்கீங்க ஃபெமி" என்றார்.

அக்கா வாதாடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். திரை இழுக்கும் மூங்கில் கழியை உள்ளங்கால்களில் ஏந்தி, அதன்மேல் நடந்து காட்டினார்.

"காலப் பாருங்க டாக்டர், கழியப் பாக்காதீங்க. காலு வாசலப் பாத்து நடக்குது. கழி உங்களப் பாத்து வருது."

"எந்திரிங்க. இது சர்க்கஸ் கூடாரம் இல்ல."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சொல்வதுதான் சரி என்று தெரிந்திருந்தும் சிரித்தேன். இன்று நான் பேசும் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அதன்பின் இயக்குநர் தம் கையாலேயே அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டுக் கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பினார். இவர்களுக்குத் திசையே தெரியவில்லை என்று அது திரும்பி வந்தது. பழி யார் தலையில் விழுந்தது? நுண்ணோக்கி அறைச் சாவி யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது? இரண்டு ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்கு வெங்காயத் தோலை உரித்துக் காட்டிக்கொண்டிருந்தார் அக்கா. சென்ற செவ்வாய்க்கிழமை அந்த வகுப்பில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

ஒருநாள் பாட்சோய் நூடுல்ஸ் கடையில் கேட்டேன். "தப்புன்னு ஒத்துக்கிட்டு சாவிய வாங்கிக்கலாமே அக்கா?"

"நான் ஒத்துக்குவேன் தியோ. அந்தப் புரதம் ஒத்துக்காதே."

இயக்குநர் அவர்களே, அக்கா வரைந்த அதே அம்புக்குறிகளோடு, முப்பத்தெட்டுப் படங்களோடு, கட்டுரையை இன்று காலை மறுபடி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. சிரித்தவன் பெயருக்கு அதில் இடமில்லை. அம்புகளைத் திருப்பியது யார் என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது. புரதத்தின் கழுத்தில் மூன்றாவதாக ஓர் அமிலத்தையும் மாற்ற அக்கா நினைத்திருந்தார். நாளை அதைத் தொடங்குகிறோம். சாவி வேண்டுமானால் என்னிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

தோழர்களே, துக்க வீட்டிலிருந்து நேராக வீடு திரும்பினால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார் என்று, வழியில் எங்காவது உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவது நம் வழக்கம். இன்று யாரும் எங்கும் நிற்க வேண்டாம். அன்று சிரித்த நாற்பது பேரும் நேராக வீட்டுக்குப் போங்கள். அக்கா வரட்டும். உங்கள் மேசைக்கு எதிரில் உட்காரட்டும். நானும் நேராகத்தான் போகிறேன்.