இலைச் சாப்பாட்டுப் படம்

கீழச்சிவல்பட்டி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பிக்குச் செக்காலையில் ஓட்டல். போனில் தன் கடையின் ஆன்லைன் மெனுவை அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த இலைப் படத்தை எடுத்துரு தம்பி. இது அப்பா செத்த பதினாறாம் நாள் அவருக்குப் படைச்ச இலை."

"தெரியும்க்கா. கடையில படம் எடுத்தா சாம்பாரு சேறு மாதிரி தெரியுது. இது ஒண்ணுதான் பாத்தாலே பசிக்குது."

"அதுக்காக, செத்தவருக்கு வச்ச சோத்தைக் காட்டியா விக்கிறது?"

தம்பி படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"அப்பாவுக்குப் பிடிச்சது பூராம் இதுல இருக்குக்கா."

"இருக்கும். நான்தானே பரிமாறுனேன். உசுரோட ஒன் கல்லாவுல ஒக்காந்திருந்த வரைக்கும், கடையில மிஞ்சுனதைத்தானே தின்னாரு."