விளக்குக் கம்பம் இல்லாத படம்

சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்துதான் அடுத்த வாய் வைப்பேன். "இவருக்குப் பொண்டாட்டி புள்ளையவிட ரசமட்டம்தான் ஒசத்தி" என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் ஏனோதானோவென்று வேலை பார்க்கிற ஆள் இல்லை. அதை முதலில் என் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் கட்டடங்களைப் படம் எடுப்பது. உயரமான கட்டடத்தைத் தெருவில் நின்று எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால், சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டடம் மல்லாக்கச் சரிகிற மாதிரித் தெரியும். அதற்கென்று ஷிப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் சுவர் சுவராக நிற்கும். மிச்சப் பிசகைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சரி செய்துவிடலாம். இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. நேரில் சாயாதது படத்தில் மட்டும் சாய்வது தப்பு. அந்தத் தப்பைத்தான் நாங்கள் நீக்குகிறோம்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மனையில் குழி தோண்டியவர் என் பழைய வாடிக்கையாளர். முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். தான் கட்டிய வீடுகளையெல்லாம் என் படங்களைக் காட்டித்தான் விற்றார். பூமிக்கு அடியில் கார் நிறுத்த வேண்டும் என்று ஆழமாகத் தோண்டினார்கள். கொஞ்ச நாளில் எங்கள் கட்டடத்தில் கதவுகள் இறுக ஆரம்பித்தன. குளியலறையில் தண்ணீர் துவாரத்தை விட்டுவிட்டு எதிர் மூலையில் தேங்கியது.

குடியிருப்போர் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஒரு ரிட்டையர்டு பேங்க்காரர். என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, மாசாமாசம் ஒரே எடத்துல நின்னு நம்ம கட்டடத்த ஒரு படம் எடுத்துக் குடுங்க. சாயுது சாயுதுன்னு வாயால சொன்னா கத கட்டுறோம்பாங்க. உங்க படத்த யாரும் மறுக்க முடியாது. லேசா சாஞ்சாக்கூட அன்னைக்கே எல்லாரும் காலி பண்ணிட்டு இன்ஜினீயரக் கூப்பிட்டுருவோம்."

என் மேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எதிர் நடைபாதையில் கேமராவின் முக்காலியை வைத்து எடுத்தேன். முதலில் எடுத்த படங்களில் ஒன்றும் இல்லை. மழைக்குப் பிறகு எடுத்ததில் ஒரு சாய்வு தெரிந்தது. நேராக்கினேன். அச்சுப்போட்டுச் சங்கக் கூட்டத்தில் கொடுத்தேன். செக்ரட்டரி அதன் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கையைத் தட்டி, "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. போய் அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார்.

இரண்டாம் மாடி டெய்லர் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த அக்கா தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று தையல் மெஷினைக் கழற்றிக் கீழே இறக்கி வைத்திருந்தது. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தது.

"ஏப்பா, மெய்யாலுமே நேராத்தான் இருக்கா? எனக்கு இந்தப் படமெல்லாம் என்னத்தத் தெரியும். நீ சொல்லு, நான் இருந்துக்கறேன்."

"படம் நேராத்தான்க்கா இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. படம் நேராகத்தான் இருந்தது.

"அப்ப சரி. தம்பி வீட்ல போய் அவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு யாரு கெடக்கறது" என்று சிரித்தது. மெஷின் கனம். ஒண்டியாகத் தூக்க முடியாது. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். மாடி வரைக்கும் தூக்கிக் கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாக என் மகளுக்கு ஒரு பாவாடை தைத்துத் தந்தது. அளவு கச்சிதம்.

அந்த வாரமே மனைவியையும் மகளையும் மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். குழித் தூசியில் குழந்தைக்கு இருமல், அதனால்தான். என் லென்ஸ்கள், பத்திரங்கள், குழந்தையின் கட்டில் எல்லாவற்றையும் சிறுகச் சிறுக எடுத்துப் போனேன். மொத்தமாக லாரி வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பிறகு நானும் அங்கேயே தங்கிக்கொண்டேன்.

சாய்ந்தது கட்டடமா, படமா என்று எனக்குத் தெரியுமா என்பதுதானே உங்கள் கேள்வி. தெரியும். கேமராக் கோணத்தால் வருகிற சாய்வில் இரண்டு ஓரங்களும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். இந்தப் படத்தில் இரண்டும் ஒரே பக்கம், குழிப் பக்கம் சாய்ந்திருந்தன. கேமராதான் கோணலோ என்று பார்த்தேன். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றது. கட்டடத்துக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பம் படத்தில் செங்குத்தாக நின்றது. கம்ப்யூட்டரில் கட்டடத்தை நிமிர்த்தினேன், கம்பம் சாய்ந்தது. கம்பத்தை நிமிர்த்தினேன், கட்டடம் சாய்ந்தது. பிறகு கம்பத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் சுவர் வந்தது. நல்ல வேலை. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முதலாளி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் மேல் பழி போடாதீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். அடுத்த வாரம் அவருடைய புதுக் கட்டடத்தைப் படம் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. வழக்கமாக வருவதுதான்.

எங்கள் கட்டடம் விழுந்தது ஒரு முற்பகலில். நான் அந்தப் புதுக் கட்டடத்தின் வரவேற்பறையில் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வேலையை முடித்துவிட்டுப் போனேன். பாதியில் விட்டால் வெளிச்சம் மாறிவிடும். தெரு முழுக்கத் தூசி. செக்ரட்டரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். காய்கறி வாங்கக் கடைக்குப் போனதால் தப்பித்தாராம். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவர் மனைவி உள்ளே இருந்தார். மூன்றாம் மாடியில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். டெய்லர் அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்த நேரம் அது. மொத்தக் கணக்கு உங்களிடம் இருக்கிறது.

செக்ரட்டரி என்னைப் பார்த்து, "நேராத்தானே தம்பி இருந்துச்சு" என்றார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

அன்று பத்திரிகைக்காரர்கள் பழைய படம் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். நேராக்கியதைத்தான் கொடுத்தேன். நேராக்காததை என் கம்ப்யூட்டரிலிருந்து நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அழித்திருக்கலாம். மூலப் படத்தை அழிப்பது என் தொழிலில் வழக்கம் இல்லை.

நேற்று என் மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு என்னைப் பார்க்க வந்தாள். பாவாடையைக் குழந்தை கழற்ற மாட்டேன் என்கிறதாம். பிறகு கேட்டாள்.

"எங்கள மட்டும் கூட்டிட்டுப் போனீங்களே. அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன்: ஒருத்தரிடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தக் குறுகலான படிக்கட்டில் இறங்குவார்கள். நெரிசலில் யாருக்காவது அடிபட்டிருக்கும்.