சாம்பல் நிறக் கட்டம்

“இன்னைக்காவது வந்துருமா?”

“வந்துரும் கண்ணு. கம்ப்யூட்டர் என்ன தண்ணிக் குழாயா, திருகின உடனே கொட்டுறதுக்கு?”

“போன வாரமும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க.”

“போன வாரம் பிரவுசர் மக்கர் பண்ணுச்சு. இந்த வாரம் அதுக்கு நல்ல புத்தி வந்திருக்கும்.”

அவள் சிரித்தாள், மச்சான். உங்கள் தங்கை சிரித்து நீங்கள் பார்த்து எவ்வளவு காலம் இருக்கும்? நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவது லினக்ஸ். பகலெல்லாம் அச்சகத்துக் கணினிகளோடு மாரடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் வைரஸோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதில் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் பிரவுசரில் ஒரு ப்ளக்இன் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு கோப்புதான். இறக்கி, உரிய கோப்புறையில் போட்டு, பிரவுசரை மூடித் திறந்தால் தீர்ந்தது. தேநீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

பக்கவாதத்தில் அத்தைக்குப் பேச்சு போன பிறகு ஃபோனால் பயனில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முகத்தைப் பார்த்தால் புருவத்தை உயர்த்துகிறார், கையை அசைக்கிறார் என்றீர்கள். “தங்கச்சிக் குட்டியை எப்படியாவது கண்ணுல காட்டுங்க மாப்ள, அம்மா வாசலையே பார்த்துட்டு இருக்காங்க.” அன்றைக்கே ப்ளக்இன்னை இறக்கினேன். அவசரத்தில், பழைய முப்பத்திரண்டு பிட் கணினிக்கானது வந்துவிட்டது. எங்களுடையது அறுபத்துநான்கு பிட். இரண்டு கோப்புக்கும் பெயர் ஒன்றுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிரவுசரும் வாய் திறந்து குறை சொல்லாது. அத்தையின் முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

முதல் முறை நடந்தது என் கவனக்குறைவுதான். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் அச்சகத்தில்தான் பொறி தட்டியது. சரியான கோப்பை அங்கேயே இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால், எப்போதும் அடுப்படியை விட்டு நகராதவள் கூடத்துக்கே ஓடி வந்தாள். “என்னங்க, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?” கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி எதிர்பார்த்து நின்றதில்லை. பென் டிரைவ் பைக்குள்ளேயே இருந்தது. “ஞாயித்துக்கிழமை ஆற அமர உக்காந்து பார்ப்போம்” என்றேன்.

அப்புறம் எல்லா ஞாயிறும் அப்படியே ஆகிவிட்டது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். அவளும் கற்றுக்கொள்ளட்டுமே என்று ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவேன். அதே பழைய கோப்பை எடுத்துவிட்டு அதையே திரும்பப் போடுவேன். கடைசியில் சாம்பல் கட்டம் வரும். “அடுத்த வாரம் பாரேன்” என்பேன். தலையாட்டுவாள். ஒரு குடும்பத்துக்கு வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

நடுநடுவே ஏதோ கேட்க வாயெடுப்பாள். என்னவென்று எனக்குத் தெரியும். “திரையிலேயே அம்மாவைப் பார்க்கப் போற. எதுக்கு அவ்வளவு தூரம் ரயில்ல இடிபடணும்?” என்று முந்திக்கொள்வேன். எடுத்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிடுவாள்.

வாசல் கதவைப் பற்றியும் கேட்டீர்கள். வேலைக்குப் போகும்போது நான் வெளியே பூட்டிக்கொண்டு போவது அவளுடைய பாதுகாப்புக்காக. காலம் கெட்டுக் கிடக்கிறது. வீட்டுக்கு இருக்கிற ஒரே ஃபோனும் அதனால்தான் எப்போதும் என் பையிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு முறை சரியான கோப்பைப் போட்டுப் பார்த்தேன். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உடனே இணைப்பு வந்துவிட்டது. தலையணையில் சாய்ந்தபடி அத்தை, பக்கத்தில் நீங்கள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தேடினார். “குட்டி எங்க மாப்ள?” என்றீர்கள்.

“வரமாட்டேங்கிறா மச்சான். அம்மாவை இந்தக் கோலத்துல பார்க்கத் தெம்பில்லையாம்.”

அத்தையின் கை பாதி உயர்ந்து, மெத்தையில் விழுந்தது. மாடிப்படியில் வாளிச் சத்தம் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழைய கோப்பை மாற்றி வைத்தேன்.

“யார் கூடப் பேசிட்டு இருந்தீங்க?” என்றாள், காலி வாளியோடு.

“யார் கூட? இந்தக் கம்ப்யூட்டரைத்தான் திட்டிட்டு இருந்தேன்.”

அதற்கும் சிரித்தாள்.

அத்தை தவறிய செய்தி வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் அழவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. ஒரு பகல் தனியாகக் கணினி முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லிச் சொல்லித் தட்டியதையெல்லாம் தானே தட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு கோப்பு எந்த வகை என்று கேட்டால் கணினி ஒளிக்காமல் சொல்லிவிடும். முப்பத்திரண்டு என்று சொல்லியிருக்கிறது. என் பாஸ்வேர்டு இல்லாமல் எதையும் சேர்க்க முடியாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவளுடைய சொந்தக் கோப்புறையில் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். சரியானதை இறக்கிப் போட்டு உங்களை அழைத்திருக்கிறாள். கட்டம் இருந்த இடத்தில் உங்கள் முகமும், பின்னால் சுருட்டி வைத்த அத்தையின் மெத்தையும் தெரிந்ததாம். கெட்டிக்காரி. சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான்.

ஆக, பெற்ற மகள் தன்னைப் பார்க்க மறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அத்தை கண்ணை மூடியது என்னால்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். இத்தனை காலத்தில் ஒரு தடவையாவது வாய்விட்டுப் போகணும் என்று கேட்டாளா? கேட்டிருந்தால் அடுத்த நிமிடமே அனுப்பி வைத்திருப்பேன். யாரையும் கட்டிப்போடுகிற ஆள் இல்லை நான்.

இதோ, அவளே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள்.

“கதவைத் திறங்க. நான் எங்க அண்ணன் கூடப் போகணும்.”

நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள், மச்சான்? உட்காருங்கள். நீங்கள் உள்ளே வந்ததுமே பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. முதலில் தேநீரைக் குடியுங்கள்.