குழிக்கு மூடி போடப் போனவர்

இரண்டாவது குண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விழுகிறது. முதல் குண்டு எங்களுக்குக் கேட்கவில்லை. கம்ப்ரஸரின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. சுவரிலிருந்து காரை உதிர்வதைப் பார்த்துத்தான் அப்பா என்ஜினை நிறுத்தினார். நிறுத்தியதும் கேட்டது. மெல்லிய விசில். தொப்பென்று ஒரு அடி. பிறகு அலறல்.

"ஓடுங்க! வண்டீல ஏறுங்க!"

கத்தியது அப்பா. செவ்வாய்க்கிழமை. காலை. வெயில் இன்னும் ஏறவில்லை.

நாங்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சூடானுக்குப் பிழைக்கப் போனவர்கள். ரிக் அப்பாவுடையது. அவர் பெயர் கந்தசாமி. அதை இயக்குபவர் முருகேசன் அண்ணன். சாமான் ஏற்றும் பிக்கப்பை ஓட்டுவது நான், அப்பாவின் ஒரே மகள். ரிக் வேலைக்குப் பொம்பளப் பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்பா எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவர் பதில் அவ்வளவுதான்.

சண்டை தொடங்கியபோதே கிளம்பியிருக்கலாம். ஆனால் ஊரின் தண்ணீர்த் தொட்டி இடிந்துபோயிற்று. வீடிழந்த சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. எங்கு பார்த்தாலும் குழந்தைகள். பள்ளி வாத்தியார் வந்து தண்ணீர் கேட்டார். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. மைதானத்தில் குழி போட ஆரம்பித்தோம். அன்று காலை பாறையைத் துளைக்கும் பிட்டை மாற்றுவதற்காக ராடுகளைக் குழியிலிருந்து வெளியே எடுத்திருந்தோம். அப்போதுதான் குண்டு விழுந்தது.

ரிக்கை அப்படியே விட்டுவிட்டுப் பிக்கப்பில் ஏறிக் கிளம்புகிறோம். அப்பா என் பக்கத்தில். முருகேசன் அண்ணன் பின்னால். தெருமுனை. வண்டியைத் திருப்புகிறேன். பின்னால் ஏதோ இரும்பு உருண்டு தகரத்தில் மோதுகிறது. டணார். அப்பா திரும்பிப் பார்க்கிறார்.

"சாமி, நிறுத்து!" என்னைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

உருண்டது குழியின் மூடி. மரை போட்ட இரும்பு மூடி. மூடி எங்களோடு வந்துவிட்டது. குழி திறந்து கிடக்கிறது.

முருகேசன் அண்ணன் சொன்னார். "சாக்கப் போட்டுக் கல்லு வெச்சிருக்குதுங்கண்ணா. போலாமுங்க."

"சாக்கு மூடியாகுமாடா?"

அப்பா இறங்கிவிட்டார்.

அவர் ஏன் இறங்கினார் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால், மேச்சேரிப் பக்கம் ஒரு கொல்லை. யாரோ போட்ட குழி. தண்ணீர் வரவில்லை. சாக்கைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆடு மேய்க்க வந்தவர்களின் குழந்தை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு குழி போட அப்பாவின் ரிக்கைக் கூப்பிட்டார்கள். விடிய விடியத் தோண்டினார். பிள்ளை உயிரோடு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்பா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குழியையும் அவர் மூடாமல் விட்டதில்லை. பணம் கொடுக்காமல் ஏமாற்றியவர்களின் குழிக்கும் சொந்தச் செலவில் மூடி போட்டார்.

மூடியை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறார். கையில் குழாய் திருகும் பைப் ரேஞ்ச். "நீ வண்டிய எடு சாமி. நான் வாரேன்."

நான் எடுக்கவில்லை. தெருமுனையிலேயே நிற்கிறேன். பார்க்கிறேன். அவர் குனிகிறார். கல்லைத் தள்ளுகிறார். மண்டியிடுகிறார். ரேஞ்சைப் பிடித்து ஒரு சுற்று. இன்னொரு சுற்று. எழுகிறார். காலால் ஓர் உதை உதைத்துப் பார்க்கிறார். வேலை முடிந்தால் எப்போதும் அப்படித்தான் செய்வார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார்.

விசில்.

"அப்பா, படுங்க!"

நான் கத்தியது அவருக்குக் கேட்டதா, தெரியாது.

சாயங்காலம் சத்தம் ஓய்ந்தது. வாத்தியாரும் அந்த ஊர் ஆட்களும் மைதானத்தின் ஓரத்தில் அப்பாவை அடக்கம் செய்தார்கள். பெண் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் பிடி மண் நான்தான் போட்டேன். பிறகு போர்வெல் குழியிடம் போனேன். ரிக் கருகிச் சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் மூடி அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

ஊர் திரும்பினேன். துக்கம் கேட்க வந்தார்கள். பெரியப்பா நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ஒரு மூடிக்குப் போயி உசுர உட்டுட்டானே கூறு கெட்டவன்."

கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுதுகொண்டேதான் பதில் சொன்னேன்.

"ஆமாங்க பெரீப்பா. மூடிக்குத்தான் போனாருங்க. எங்கப்பாவக் கூறு கெட்டவருன்னு சொல்றதா இருந்தா, இந்த ஊட்டுல யாரும் தண்ணிகூடக் குடிக்க வேண்டாமுங்க. எந்திரிச்சுப் போங்க."

போனார்கள். இன்றுவரை பேச்சில்லை. இல்லாவிட்டால் போகட்டும். நானும் முருகேசன் அண்ணனும் பழைய ரிக் ஒன்றை வாடகைக்கு எடுத்து மோகனூர்ப் பக்கம் ஓட்டுகிறோம். அப்பாவின் ரேஞ்ச் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மூடி மாட்டுவதை நான் யாரிடமும் விடுவதில்லை. அந்த வாத்தியார் எப்போதாவது போன் பேசுவார். கருகிய ரிக்கை இழுத்து அகற்றிவிட்டார்களாம். பிள்ளைகள் அந்த மூடியின் மேல் ஏறிக் குதித்து விளையாடுகிறார்களாம்.

மறக்க நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லி வைக்கிறேன். போனது ரிக் ஒன்று. கம்ப்ரஸர் ஒன்று. ராடுகளை எண்ணவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று இறந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் அப்பா.

அந்தக் குழியில் விழுந்த பிள்ளை, ஒன்றுகூட இல்லை.